ஹியர்பை என்று சொல்லாதே

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஒரே பக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு வரி, மிச்சமெல்லாம் காரியம். நடுவில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறாய். அடுத்த மாதம் தாசில்தார் முன்னால் நடக்கிற விசாரணைக்கு நான் வர வேண்டும், கோவிந்தன் கைநாட்டு வைத்த காகிதத்தை எழுதியது நான்தான் என்று சொல்ல வேண்டும், அதற்கு என்னை 'ஹியர்பை' (hereby) கேட்டுக்கொள்கிறாய். பக்கத்திலேயே "உங்க வார்த்தைதாம்மா" என்று ஒரு கேலி. கடிதத்தை உன் அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "பரவாயில்லையே, பய பெரிய வக்கீல் மாதிரி எழுதுறானே" என்றார். அதற்குமேல் அந்தக் கடிதத்தில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அரைத்துக்கொண்டிருந்த தேங்காயை அம்மியிலேயே விட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அந்த ஆத்திரத்தில் உன்மேல் எவ்வளவு, என்மேல் எவ்வளவு என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் பத்து நாளாகப் பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிற இதையும் நான் உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை, திறந்தபடியே அனுப்புகிறேன். கோவிந்தனின் மகள் அஞ்சலைக்கு ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன். வேறு யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. இருபது வருஷம் உன் தாத்தாவின் பீரோவுக்குள் பூட்டிக்கிடந்த ஒரு காகிதத்தைப் பற்றிய கடிதம் இது. இதையும் மூடிவைக்க எனக்கு மனசில்லை.

முதலில் அந்த வார்த்தை எனக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். நீ நினைப்பதுபோல அது விளையாட்டாக வந்ததில்லை. நான் பதினோராம் வகுப்புவரை தமிழில் படித்தவள். கும்பகோணத்தில் கல்லூரி விடுதியில் கொண்டுபோய் விட்டபோது, அறையில் இருந்த மற்ற மூன்று பெண்களும் கான்வென்ட். "சோப்பு எடுத்துக்கட்டுமா" என்று கேட்பதற்குக்கூட அவர்களிடம் ஆங்கிலம் இருந்தது. நான் வாயைத் திறந்தால் ஒருத்தி இன்னொருத்தியைப் பார்ப்பாள். விடுதி வாசலில் ஒரு கரும்பலகை. அதில் வார்டன் தினமும் ஓர் அறிவிப்பு எழுதுவார். மாணவிகளுக்கு 'ஹியர்பை' தெரிவிப்பது என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை இரவு மெஸ் கிடையாது. மாணவிகள் 'ஹியர்பை' எச்சரிக்கப்படுகிறார்கள், குளியலறையில் துணி ஊறவைக்கக் கூடாது. பிழையே இல்லாமல் நான் முழுசாகச் சொல்ல முடிந்த முதல் ஆங்கில வாக்கியங்கள் அவைதான். மெஸ்ஸுக்குப் போகும்போதும் வரும்போதும் மனப்பாடம் செய்தேன். ஒருநாள் அறையில் பயத்தோடு, "ஐ ஹியர்பை டேக் யுவர் சோப்" என்றேன். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் அது வேறு சிரிப்பு. நான் வார்டனைக் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து நான் அந்த அறையின் கெட்டிக்காரி. பயத்தில் பிடித்த வார்த்தை எனக்குப் பெருமையாகிவிட்டது. பி.ஏ. முடித்து வெளியே வரும்போது என்னிடம் பட்டமும் இருந்தது, அந்த வார்த்தையும் இருந்தது.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்கு இருபத்தொரு வயது. சீர்காழிக்குக் கிழக்கே, மழைக்காலத்தில் மாட்டுவண்டிகூடத் திணறுகிற இந்த ஊரில் அப்போது பி.ஏ. படித்த மருமகள் நான் ஒருத்திதான். உன் அப்பாவிடம் தனியாகப் பேசும்போது, "நான் ஹியர்பை தூங்கப்போறேன்" என்பேன். அவர் சிரிப்பார். பிறகு அவரே, "நான் ஹியர்பை ஷேவ் பண்ணிக்கப்போறேன்" என்று கிணற்றடியில் நின்று கத்துவார். அது உன் தாத்தா காதில் விழுந்து, என்ன ஏது என்று கேட்டு, அவருக்கும் பிடித்துப்போயிற்று. அவருடைய அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் நடந்தபோது ஆங்கிலத்தில் அழைப்பிதழ் நூறு அடிக்க வேண்டும் என்றார். என்னைத்தான் எழுதச் சொன்னார். தாங்கள் 'ஹியர்பை' அன்போடு அழைக்கப்படுகிறீர்கள் என்று எழுதினேன். மாயவரத்திலிருந்து வந்திருந்த வக்கீல் ஒருவர் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "என்ன மிராசுதார்வாள், பத்திரிகையா அனுப்பினீங்க, சம்மனே அனுப்பியிருக்கீங்க! வராம இருந்தா வாரண்ட் வருமோன்னு ஓடிவந்தேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உன் தாத்தா மட்டும் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. "அது நம்ம மருமக எழுதினது. கோர்ட்டு இங்கிலீஷே தெரியும்" என்று பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார். நான் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில் அவர் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றினேன். என் ஆங்கிலத்தை அவர் எதற்காக மனசில் குறித்துவைத்துக்கொண்டார் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த வருஷங்கள் எப்படி இருந்தன என்று உனக்குப் புத்தகத்தில் தெரியும். நாங்கள் அதற்குள் இருந்தோம். ஆட்சி மாறியிருந்தது. கிழக்கே போகப் போக வரப்புகளில் சிவப்புக்கொடி. கூலிக்காக அறுவடை நின்ற களங்கள், போலீஸ் வேன் நின்ற தெருக்கள். ஒரு குடும்பம் இவ்வளவுதான் நிலம் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சட்டம். குத்தகைக்கு உழுகிறவன் பெயரைத் தாலுகா கச்சேரியில் பதிய வேண்டும், பதிந்துவிட்டால் அவனை நிலத்தைவிட்டு எழுப்ப முடியாது என்று இன்னொரு சட்டம். முதல் சட்டத்துக்குப் பயந்து உன் தாத்தா நிலத்தைப் பிரித்துப் பிரித்து எழுதினார். வாய்க்கால் ஓரத்து ஆறு மா, அந்த இரண்டு ஏக்கர் நிலம், உன் பேருக்கு வந்தது அப்படித்தான். உனக்கு அப்போது பால்பல்கூட விழவில்லை. இரண்டாவது சட்டத்துக்கு அவர் கண்டுபிடித்த வழிதான் நான். அந்த ஆறு மாவைக் கோவிந்தன் அவருடைய அப்பா காலத்திலிருந்து வாய்ப்பேச்சுக் குத்தகையில் உழுதுகொண்டிருந்தார். கோவிந்தன் பெயர் பதிவாவதற்குள், தானே மனமுவந்து நிலத்தை விட்டுக்கொடுத்துவிட்டதாக அவரிடமிருந்து ஒரு காகிதம் வாங்கிவிட வேண்டும் என்று உன் தாத்தா முடிவு செய்தார்.

உன் தாத்தா மேடையில் நல்ல தமிழ் பேசுவார். கரை போட்ட வேட்டி கட்டிக்கொண்டு கூட்டங்களுக்குத் தலைமை வகித்த நாட்கள் உண்டு. கச்சேரியில் எல்லாக் காகிதமும் தமிழில் வர வேண்டும் என்று பேசிவிட்டு வந்தவர், வீட்டில் என்னைக் கூப்பிட்டு, "இத இங்கிலீஷ்ல எழுதும்மா" என்றார்.

"தமிழ்லயே எழுதிடலாமே மாமா, நல்லா எழுதுவேன்" என்றேன்.

"தமிழ்ல எழுதினா அவன் பொண்ணு எழுத்துக்கூட்டிப் படிச்சுச் சொல்லிடும். ஆறாவது படிக்குது. எதைக் கண்டாலும் படிக்குது, பொட்டலம் கட்டின பேப்பரைக்கூட விடமாட்டேங்குது. நீ அந்த ஹியர்பை போட்டு எழுது."

தம்பி, இந்த இடத்தில் எனக்குப் புரியவில்லை என்று எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். புரிந்தது. நன்றாகவே புரிந்தது. ஆனால் அதே நேரத்தில், அந்த வார்த்தையை முதன்முதலாக அதற்குரிய இடத்தில் எழுதப்போகிறேன் என்ற பரபரப்பும் இருந்தது. அது சாதாரண வார்த்தை இல்லை. தமிழில் நாம் 'இதன்மூலம்' என்று எழுதுகிறோமே, அந்த இனம். நடந்ததைச் சொல்கிற வார்த்தை இல்லை அது, சொன்ன மாத்திரத்தில் நடத்திவிடுகிற வார்த்தை. 'இதன்மூலம் விட்டுக்கொடுக்கிறேன்' என்று எழுதிக் கீழே கைநாட்டு விழுந்தால், அந்த நிமிஷத்திலேயே நிலம் கைமாறிவிடும். நான் மை ஊற்றி, கோடு போட்டு, மூன்று தடவை நகல் எடுத்து எழுதினேன். பத்திரத்தில் எழுதியவர் கடைசியில் பெயர் போடுவது வழக்கம் என்று நம் பண்ணைக் கணக்குப்பிள்ளை சொன்னார். போட்டேன். பெயருக்குப் பக்கத்தில் பி.ஏ. என்றும் போட்டேன். அதை யாரும் கேட்கவில்லை.

மேட்டூர்த் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்த மறுநாள் காலை கோவிந்தனைக் கூப்பிட்டார்கள். அவர் நாற்றங்காலிலிருந்து அப்படியே வந்தார். முழங்கால்வரை சேறு. வாசல்படிக்குக் கீழே நின்றார். அவருக்குப் பின்னால் அந்தப் பெண் அஞ்சலை, பள்ளிக்கூடப் பையோடு. உன் தாத்தா ஊஞ்சலில், கணக்குப்பிள்ளை பாயில். நான், "வாங்க" என்றேன். இந்த வீட்டில் கோவிந்தனை 'வாங்க, போங்க' என்று பேசியவள் நான் ஒருத்திதான். வந்த புதிதில் உன் தாத்தா அதற்காக முகம் சுளித்தார், பிறகு படித்த பெண்ணின் பழக்கம் என்று விட்டுவிட்டார். நான் அந்த ஒரு 'ங்க'வைப் பெரிய நியாயம் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

காகிதத்தைப் படித்துக்காட்டச் சொன்னார் உன் தாத்தா. நான் நின்றுகொண்டு, விடுதிக் கரும்பலகையை வாசிப்பதுபோல ஏற்ற இறக்கத்தோடு, முழுவதையும் ஆங்கிலத்தில் வாசித்தேன். கோவிந்தன் வாயைத் திறந்துகொண்டு கேட்டார்.

"சின்னம்மா படிக்கிறது ரேடியோவுல படிக்கிற மாதிரியே இருக்குங்க" என்றார். "என்னாங்க எழுதியிருக்கு?"

உன் தாத்தா என்னைப் பார்த்தார். கணக்குப்பிள்ளை மைப்பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். நான் சொன்னேன்: "எப்பவும் போலத்தான்."

அவ்வளவுதான் சொன்னேன். உன் தாத்தா எனக்குச் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள் இல்லை அவை. அவர் வேறு ஏதாவது சொல்லியிருப்பார், புயல் நிவாரணம் என்றோ விதைநெல் என்றோ. கோவிந்தன் ஒருவேளை சந்தேகப்பட்டிருப்பார். நானே யோசித்து, நானே பொறுக்கி எடுத்துச் சொன்னவை. கோவிந்தனின் கட்டைவிரல் சேறாக இருந்ததால் முதல் கைநாட்டு தீற்றலாகப் போயிற்று. "கைய கழுவிட்டு வைக்கச் சொல்லும்மா" என்றார் உன் தாத்தா. நான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து மேலிருந்து ஊற்றினேன். அவர் விரலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். இரண்டாவது கைநாட்டு ரேகை ரேகையாகப் பதிந்தது. "போய் வர்றேங்க, தண்ணி வீணாப் போவுது" என்று சொல்லிவிட்டு வயலுக்கு ஓடினார்.

அதற்கப்புறம் எதுவுமே நடக்கவில்லை. அதுதான் என்னைக் கெடுத்தது. கோவிந்தன் அந்த ஆறு மாவை உழுதுகொண்டேயிருந்தார். குத்தகை நெல் வந்துகொண்டேயிருந்தது, ரசீது மட்டும் கிடையாது. அவர் பெயரைப் பதிய அதிகாரிகள் வந்தபோது உன் தாத்தா, "அவன் நம்ம பண்ணை ஆள், கூலிக்குப் பார்க்குறான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். காகிதத்தை வெளியே எடுக்க வேண்டிய தேவைகூட வரவில்லை. நான் சொன்னது பொய்யில்லை, எப்பவும் போலத்தானே இருக்கிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த வார்த்தை என் வாயிலிருந்து போய்விட்டது. அதற்குள் உனக்குத் தொற்றிவிட்டது. உனக்கு ஐந்து வயது. கைநாட்டு வாங்கிய அதே வாரம், தட்டைத் தள்ளிவிட்டு, "நான் ஹியர்பை சோறு வேணாம்" என்றாய். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நான் அறைந்தேன். உன் கன்னத்தில் விரல் பதிந்தது. "சாப்பாட்டை வேண்டாம்னு சொல்லக் கூடாது" என்று காரணம் சொன்னேன். கல்லூரி நாட்களில் நீ அதைக் கதையாகச் சொல்லிச் சிரிப்பாய், அம்மா சோற்றுக்கு எவ்வளவு மரியாதை கொடுப்பவள் பாருங்கள் என்று. சோற்றுக்கும் அந்த அறைக்கும் சம்பந்தமில்லை. என்னை மன்னித்துக்கொள். அடித்ததற்கு மட்டும் இல்லை. அன்றைக்கே உன்னை மடியில் உட்காரவைத்துக் காரணத்தைச் சொல்லியிருந்தால் நீ வேறு மாதிரி வக்கீலாக வந்திருப்பாய்.

ஏனென்றால் நீ அந்த வார்த்தையை விடவேயில்லை. பஸ் கண்டக்டரிடம் ஹியர்பை. பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜித் தட்டை வாங்கிக்கொண்டு ஹியர்பை. சட்டம் படித்த பிறகாவது அதன் கனம் உனக்குத் தெரியும் என்று நினைத்தேன். போன பொங்கலுக்கு வந்தபோது நடந்ததை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. அந்த நிலத்தை இறால் பண்ணை வைக்கிறவருக்கு விற்றுவிட்டுச் சென்னையில் வீடு வாங்கப்போவதாக முதல்நாள் ராத்திரிச் சாப்பாட்டில்தான் சொன்னாய். மறுநாள் காலை என்னையும் அழைத்துக்கொண்டு வயலுக்குப் போனாய். கோவிந்தனுக்கு இப்போது கண் சரியில்லை. அஞ்சலைதான் எல்லாம் பார்க்கிறாள். அவள் மடையை அடைத்துக்கொண்டிருந்தாள். நீ வரப்பில் நின்றுகொண்டு, காலில் சேறு படாமல், "இந்த அறுப்போட சரி. உங்களுக்கு ஹியர்பை சொல்லியாச்சு" என்றாய்.

அவள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். "அப்படின்னா என்னாங்க தம்பி?"

"அப்படின்னா, அவ்வளவுதான்னு அர்த்தம்."

நீ சிரித்தாய். அவள் உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "ஒங்க வீட்ல இங்கிலீசு வந்துச்சுன்னா எங்க வீட்ல என்னமோ போவப்போவுதுன்னு அர்த்தம். அது எனக்கு அப்பவே தெரியும். என்ன போச்சுன்னுதான் தெரியல" என்றாள். திரும்பி மடையை அடைக்கத் தொடங்கினாள். அடுத்த வாரம் அவளே மனு எழுதினாள், தமிழில், தன் கையால். தன் அப்பா இந்த நிலத்துக் குத்தகைக்காரர், அவர் பெயரைப் பதிய வேண்டும் என்று. அதற்குப் பதில் தேடித்தான் நீ பீரோவைக் குடைந்து காகிதங்களைக் கட்டோடு உன்னோடு எடுத்துப்போனாய். அந்தக் காகிதம் கிடைத்ததும் டெலிபோனில், "அம்மா, லட்டு மாதிரி டாக்குமெண்ட்!" என்று கத்தினாய். பின்னால் சாட்சிக் கையெழுத்துப் போட்ட கணக்குப்பிள்ளையும் இன்னொருவரும் இறந்துவிட்டார்கள். உன் தாத்தாவும் இல்லை. எழுதியவள் மட்டும் இருக்கிறேன். அதனால்தான் உனக்கு நான் வேண்டும்.

உன் கடிதம் வந்த மூன்றாம் நாள் நான் கோவிந்தன் வீட்டுக்குப் போனேன். கல்யாணமாகி வந்து இத்தனை வருஷத்தில் அந்தத் தெருவுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. நம் வீட்டிலிருந்து நடந்தால் எட்டு நிமிஷம். கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அஞ்சலை, "அப்பா, சின்னம்மா வந்திருக்காங்க" என்றதும் எழுந்திருக்கப் பார்த்தார். உட்காருங்கள் என்றேன். எனக்கு ஒரு ஸ்டூல் போட்டாள். காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அன்றைக்கு அவர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்பதையும் சொன்னேன். அஞ்சலை ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் அதற்கு உரியவள்தான்.

கோவிந்தன் கையை அசைத்து அவளை நிறுத்தினார். பிறகு, "கணக்குப்பிள்ளை எழுதியிருந்தா நான் கை வச்சிருக்க மாட்டேங்க" என்றார். "ஐயா எழுதியிருந்தாலும் வச்சிருக்க மாட்டேன். தமிழ்ல எழுதிக் குடுங்க, எம்பொண்ணு படிக்கட்டும்னு கேட்டிருப்பேன். இது பக்கத்துலதானே நின்னுச்சு. நீங்க எழுதினீங்களேன்னுதான் வச்சேன். நீங்கதான என்னைய வாங்கன்னு கூப்புடுவீங்க."

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கோபமாகச் சொல்லவில்லை, எனக்கு விவரம் சொல்வதுபோலச் சொன்னார். நான் அந்த வீட்டிலிருந்து எப்படி எழுந்து வந்தேன் என்று தெரியவில்லை. உன் தாத்தா என் ஆங்கிலத்தை மட்டும் பயன்படுத்தவில்லை, தம்பி. நான் கோவிந்தனுக்குக் கொடுத்துவந்த அந்த மரியாதையையும் சேர்த்துத்தான் பயன்படுத்தியிருக்கிறார். நானும் உடந்தை. நியாயமாக நடந்துகொள்கிறவள் என்று பெயர் வாங்கி வைத்திருந்ததால்தான் என்னால் அந்த அநியாயத்தை அவ்வளவு சுலபமாகச் செய்ய முடிந்தது. இதை நீ உன் தொழிலுக்காகவாவது ஞாபகம் வைத்துக்கொள். உன்னை நம்பி ஒருவர் 'என்ன எழுதியிருக்கு' என்று கேட்கிற நாள் உனக்கும் வரும். அந்தக் கேள்வி உன் முகத்துக்கு நேரே வரும்போது, பக்கத்து ஊஞ்சலில் யார் உட்கார்ந்து உன்னைப் பார்க்கிறார்கள் என்று பார்க்காதே. கேட்டவரைப் பார்.

உன் அப்பாவிடம் நான் செய்யப்போவதைச் சொல்லிவிட்டேன். "பெத்த புள்ளைக்கு எதிராப் போய் சாட்சி சொல்லுவியா? நீயாச்சு, உன் புள்ளையாச்சு, என்னை இழுக்காதே" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். நேற்று காலை, பல் தேய்த்துக்கொண்டே, "அவன் வீடு வாங்க வேற வழி இருக்கும்ல?" என்று கேட்டார். என்னிடம் கேட்டாரா, கிணற்றிடம் கேட்டாரா தெரியவில்லை.

வழி இருக்கும். நீ படித்தவன், கையில் தொழில் இருக்கிறது. அஞ்சலைக்கு அந்த ஆறு மாவை விட்டால் வேறு ஒன்றும் கிடையாது. அதில் உப்புத்தண்ணீரை விட்டு இறால் வளர்த்தால் அடுத்த வயல்களும் சேர்ந்து போகும், அது உனக்கும் தெரியும். ஆனால் நான் உன்னிடம் நிலத்தைக் கொடுத்துவிடு என்று கெஞ்சவில்லை. அது உன் பேரில் இருக்கிறது, சட்டம் என்ன சொல்கிறதோ அதைத் தாசில்தார் சொல்லட்டும். அந்தக் காகிதத்தை மட்டும் தாக்கல் செய்யாதே. கிழித்துப்போடவும் வேண்டாம், எடுத்தது எடுத்தபடி என்னிடம் கொடுத்துவிடு. தாக்கல் செய்தால், எழுதியது யார் என்று என்னைக் கேட்பாய், நான்தான் என்பேன். அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று உன் சீனியர் சொல்லிக்கொடுத்திருப்பார். நான் நிறுத்தமாட்டேன். கைநாட்டு வைத்தவர் என்ன கேட்டார், அவருக்கு என்ன பதில் கிடைத்தது என்று நீ கேட்காவிட்டாலும் சொல்வேன். எதிர்ப்பக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அதற்குப் பிறகு, சொந்த சாட்சி பிறழ்ந்துவிட்டாள் என்று சொல்லி நீ என்னைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டிவரும். செய். வேலை என்று வந்தால் நீ தயங்கக் கூடாது. என் வயதையும் ஞாபக மறதியையும் பற்றிக் கேட்பாய். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

விசாரணை அன்று என்னை அழைத்துப்போகக் கார் அனுப்புவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம். கோவிந்தனுக்குக் கண் தெரியாது, கச்சேரியில் படி அதிகம். அஞ்சலை ஒருத்தியால் அவரையும் பிடித்துக்கொண்டு காகிதங்களையும் பார்த்துக்கொள்ள முடியாது. நான் அவர்களோடு ஏழேகால் பஸ்ஸில் வருகிறேன். அவர்கள் பக்கத்து பெஞ்சில்தான் உட்காருவேன், நீ வந்தவுடன் என்னைத் தேடி உன் பக்கம் பார்க்காதே. மத்தியானம்வரை இழுக்கும் என்று அஞ்சலை சொல்கிறாள், அதனால் புளிசாதமும் உருளைக்கிழங்கும் கட்டி எடுத்து வருகிறேன். எங்கள் மூன்று பேருக்கும் உனக்கும். எப்படி முடிந்தாலும் சரி, கச்சேரிக்கு எதிரே இருக்கிற மரத்தடியில் இருப்போம். வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாயா இல்லையா என்பதை நீ முடிவு செய்துகொள்.

அம்மா